இரத்தக் கொதிப்பும் கைப்பிடிப் பயிற்சியும்

நாள் முழுதும் தறியிலும் வயலிலும் உழைக்கும் கைகளுக்குத் தனியே ஒரு பயிற்சி எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். வேலையில் கை ஓடிக்கொண்டேயிருக்கிறது. நாம் ஈண்டு விளக்கும் பயிற்சியிலோ அது அசையாது இறுகி நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

அளவு காட்டும் கைப்பிடிக் கருவியை முதலில் முழுப் பலத்துடன் அழுத்திப் பார்த்தல் வேண்டும். பின்னர் அப்பலத்தில் 100க்கு 30 முதல் 40 பங்கு மட்டும் செலுத்தி, 2 நிமிஷம் பிடித்திருந்து, 1 நிமிஷம் இளைப்பாறுதல் வேண்டும். இவ்வாறு 4 முறை, வாரத்தில் 3 நாள், 8 முதல் 10 வாரம் செய்யின், கொதிப்புள்ளோர்க்கு மேல் அழுத்தம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறையக்கூடும் என்று அமெரிக்க இருதயச் சங்கம் முதலியவை 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

ஆயினும் பிடிக்கும் வேளையில் அழுத்தம் சற்று ஏறும். ஆதலின் மூச்சை அடக்கலாகாது. வைத்தியரைக் கலவாமல் தொடங்கலாகாது. மாத்திரையைத் தாமாக நிறுத்தலுமாகாது.

தவணை தவறாத சிறு தொகையே சேமிப்பாகப் பெருகுவதை நமது சங்கங்களில் காண்கிறோம். இப்பயிற்சியும் அத்தகையதே, இடையில் கைவிட்டால் பலனும் நில்லாது.