கிணற்றடியில் புங்கனும் கத்தரியும்

கிணற்றுப் பாசனத்தில் பத்து சென்ட், இருபது சென்ட் காய்கறி போடும் சிறு விவசாயிகள் பலருக்கு, வரப்பில் நாலு புங்கன் வைத்தால் நிழலுக்கும் ஆகும், தழைக்கும் ஆகும் என்ற எண்ணம் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் வைத்த மரம் பல தோட்டங்களில் நாலாம் வருஷம் கோடரிக்குப் போய்விடுகிறது. காரணம் கேட்டால், "மரத்தடியில் செடி காய்க்கவில்லை, தண்ணீரையும் அதுவே குடித்துவிடுகிறது" என்கிறார்கள். கத்தரிக்குக் கொடுப்பதையே மரத்துக்கும் கொடுத்து, கத்தரி இருக்கும் இடத்திலேயே மரத்தையும் வைத்தால் இந்தத் தகராறு வரத்தான் செய்யும். இரண்டின் தேவையும் வேறு வேறு.

முதலில் வெயிலைப் பார்ப்போம். கத்தரிக்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். நிழலில் நட்ட செடி நெடுநெடு என்று வளரும், இலை பெருக்கும், பூ உதிரும். பார்ப்பதற்குச் செழிப்பாக இருப்பதால் உரம் மிஞ்சிவிட்டது என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். புங்கனோ 25, 30 அடி உயர்ந்து, ஏறக்குறைய அதே அளவு விரியும் மரம். ஆகவே எந்த வரப்பில் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். நம் பக்கத்தில் புரட்டாசி முதல் பங்குனி வரை உச்சி வேளையில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். மர நிழல் வடக்கே விழும். எனவே தோட்டத்தின் வடக்கு வரப்பே மரத்துக்கு உகந்த இடம். வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் சற்று வடக்கே போனாலும் உச்சியில் நிற்பதால் நிழல் நீளாது. வடக்கே இடமில்லை என்றால் மேற்கு வரப்பைச் சொல்லலாம். காலை வெயில் செடிக்குக் கிடைத்துவிடும். கோடையில் பிற்பகல் நிழல் கெடுதல் செய்யாது. ஆனி, ஆடிக் காற்று பலமாக அடிக்கும் கொங்குப் பகுதிகளில் காற்றுக்குத் தடுப்பாகவும் ஆகும். கிழக்கு, தெற்கு வரப்புகள் வேண்டாம். எங்கே வைத்தாலும் கடைசிப் பாத்திக்கும் மரத்துக்கும் 15 அடியாவது இடைவெளி விட வேண்டும். மரத்துக்கு மரமும் 15 முதல் 20 அடி.

அடுத்தது தண்ணீர். சண்டை பெரும்பாலும் இதில்தான். பத்து சென்ட் கத்தரிக்கு ஒரு தடவை 4 சென்டிமீட்டர் அளவுக்குப் பாய்ச்சினாலே சுமார் 16 ஆயிரம் லிட்டர் போய்விடும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு வாரம் ஒரு முறை என்று அறுவடை முடியும்வரை இதைக் கொடுத்தாக வேண்டும். நாலு புங்கன் கன்றுகளுக்கோ வாரம் தலைக்கு இரண்டு குடம் போதும். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் மொத்தம் 120 லிட்டர். கத்தரி குடிப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் முதல் இரண்டு கோடைக்கு மட்டுமே. வேர் இறங்கிய பின் புங்கன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கோடையில் கிணறு இறங்கியதும் முதலில் கன்றுக்குத் தண்ணீரை நிறுத்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் கத்தரிக்கு ஒன்றும் மிச்சமாகாது. இரண்டு வருஷ மரம்தான் காயும். தண்ணீர் உண்மையிலேயே குறைந்தால் கத்தரியின் பரப்பைக் குறைக்க வேண்டும். பத்து சென்ட்டை அரைகுறையாக நனைப்பதைவிட ஆறு சென்ட்டை ஒழுங்காக நனைப்பது மேல்.

கன்றைக் கத்தரி வாய்க்காலிலேயே வைத்துவிடுவதும் சரியல்ல. புங்கன் ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் வளரும் மரம். தண்ணீர் தேங்கினால் சாகாது. ஆனால் அடிக்கடி மேலாக ஈரம் கிடைத்தால் பக்க வேர்கள் பாத்தியை நோக்கி ஓடும். குடத்துத் தண்ணீரைக் கன்றின் அடியில் நிதானமாக ஊற்றி, சருகு போட்டு மூடினால் வேர் கீழே இறங்கும். கத்தரிக்கு நேர்மாறு, இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகி வாடத் தொடங்கும். எனவே மழைக்காலத்தில் தோட்டத்தில் மிஞ்சும் நீர் மரத்தின் பக்கமாக வடிந்து போகும்படி வழி வெட்டிவிடலாம்.

உரத்திலும் இதே வித்தியாசம். புங்கன் அவரை இனத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகள் மூலம் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுத்து, ஒரு கூடை மக்கிய எருவை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி நட்டால் போதும். யூரியா போட வேண்டியதில்லை. மாசி முதல் வைகாசி வரை கிடைக்கும் நெற்றை உடைத்து, விதையை அதிக நாள் வைத்திராமல் பையில் ஊன்றினால் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஐப்பசி மழையில் நடலாம். முதலிரண்டு வருஷம் முள் வேலி அவசியம். மாடு முதுகு தேய்த்தே கன்றை ஒடித்துவிடும்.

கத்தரி ஐந்து மாதத்தில் முடிந்துபோகும் பயிர். அதற்குள் காய்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் பசி அதிகம். ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசுப்படி பத்து சென்ட்டுக்குக் கணக்கிட்டால் தொழு உரம் ஒரு டன், அடியுரமாக யூரியா 4 கிலோ 350 கிராம், சூப்பர் பாஸ்பேட் 12½ கிலோ, பொட்டாஷ் 2 கிலோ வரும். நட்ட 30ம் நாள் மேலுரமாக அதே அளவு யூரியாவை மறுபடியும் இட்டு மண் அணைக்க வேண்டும். மண் பரிசோதனை செய்தவர்கள் அதன்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். விதை 16 கிராம் போதும். 30 முதல் 35 நாள் வயதுள்ள நாற்றை இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஏறக்குறைய 1,100 செடிகள் பிடிக்கும்.

மேற்பார்வையிலும் மரம் சாது. புங்கன் இலையில் முண்டு முண்டாகத் தடித்திருப்பதைக் கண்டு, இது கத்தரிக்குத் தாவிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது புங்கனையே நம்பி வாழும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேனின் வேலை. கத்தரிக்கு வராது, மருந்தும் வேண்டாம். கத்தரியிலோ வாரம் ஒரு நாள் செடி செடியாகப் பார்க்க வேண்டும். தலை தொங்கிய குருத்துக்குள் துளைப்பான் புழு இருக்கும். அதை ஓட்டைக்குக் கீழே கிள்ளி அழிக்க வேண்டும். சொத்தைக் காயையும் வயலில் போடக்கூடாது. ஒரு கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 20 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் பத்து சென்ட்டுக்குச் சரியாக இருக்கும்.

மரம் பெரிதான பிறகு வேர் பாத்திக்கு வந்தே தீரும். மரத்துக்கும் பாத்திக்கும் நடுவே இரண்டடி ஆழத்துக்கு ஒரு கால்வாய் வெட்டி வேரை அறுத்துவிடலாம். புங்கனில் ஒரு தொல்லை, அறுத்த வேரிலிருந்து புதுக் கன்றுகள் கிளம்பும். வருஷா வருஷம் கால்வாயைச் சுத்தம் செய்து அவற்றைக் களைய வேண்டும். இதற்குச் சோம்பல் படுகிறவர்கள் இடைவெளியை 20 அடியாக விட்டுவிடுவது நல்லது.

கிளை கழிப்பதிலும் காலம் பார்க்க வேண்டும். மாசியில் இலை கொட்டும் புங்கன் பங்குனியில் தளிர்த்து, அக்னி நட்சத்திரத்தில் அடர்ந்த நிழல் தரும். அப்போது வெட்டினால் மரம் வைத்த பலனே இல்லை. ஆடி, ஆவணியில் நெல் நடவுக்கு முன் பக்கக் கிளைகளைக் கழித்தால் வயலுக்குத் தழையுரம் ஆயிற்று. அடுத்து நடும் கத்தரிக்கு வெளிச்சமும் ஆயிற்று. ஏக்கருக்கு இரண்டரை டன் தழை தேவைப்படும் என்பதால் நாலு மரம் ஒரு நாற்றங்காலுக்குத்தான் காணும். மொட்டையாகக் கழிக்க வேண்டாம். பிஞ்சோடு போய்விடும், மறு வருஷம் விதை இராது. பிண்ணாக்கு நல்ல அடியுரம், ஆனால் மாட்டுக்கு ஆகாது.

மரத்தடியில் விட்ட 15 அடி வீணாகிவிடும் என்று எண்ண வேண்டாம். நடமாட இடம் விட்டு, சேப்பங்கிழங்கு, மஞ்சள் இரண்டொரு பாத்தி போடலாம். பாதி நிழலைத் தாங்கும். மாடு கட்டலாம். எருக்குழி மட்டும் அங்கே வேண்டாம். நிழலில் எரு காயாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஒரே வருஷத்தில் புங்கன் வேர் குழிக்குள் புகுந்து பாதி எருவைத் தின்றிருக்கும்.