பச்சைத் துணியும் மலையகத்து ஈரமும்

நுவரெலியாவில் 1876இல் தொடங்கப்பட்ட ஹில் கிளப்பிலும், அதே ஊரின் கிராண்ட் ஹோட்டலிலும் இன்றைக்கும் பில்லியர்ட்ஸ் அறைகள் இருக்கின்றன. முதலில் கோப்பித் துரைமாரும் பிறகு தேயிலைத் துரைமாரும் மழை விடாத மாலைகளைக் கழிக்க வழக்கப்படுத்திக்கொண்ட ஆட்டம் இது. தென்னிந்தியத் தோட்டங்களிலும் இதே கதைதான்: ஜபல்பூரில் 1875இல் உருவானதாகச் சொல்லப்படும் ஸ்நூக்கருக்கு விதிகள் எழுதி ஒட்டப்பட்டது 1882இல், நீலகிரியின் ஊட்டி கிளப்பில். ஆக, இந்த ஆட்டத்துக்கும் மலைநாட்டுக் குளிருக்கும் நெடுநாள் உறவு. ஆனால் மேசைமேல் விரித்த பச்சைத் துணிக்கு மலைநாடு உறவல்ல. புதுத் துணி போட்டுச் சில மாதங்களில் அது தொய்கிறது. கையால் தடவினால் அலை எழும்புகிறது. பந்து சோம்பி நிற்கிறது. உடனே இழுத்தவர் கை சரியில்லை, துணி மட்டமான சரக்கு என்று பேச்சு எழும். இரண்டும் சில வேளை உண்மையாக இருக்கலாம். பெரும்பாலான வேளைகளில் குற்றவாளி அறைக்குள் இருக்கும் நீராவி என்பதே என் வாதம். காற்றைச் சரிசெய்யாமல் துணியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது மலையகத்தில் பணத்தைக் கரைக்கும் வேலை.

மேசையின் கட்டமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். முழு அளவு ஸ்நூக்கர் மேசையின் ஆடுகளம் 3,569 மில்லிமீற்றர் நீளம், 1,778 மில்லிமீற்றர் அகலம். அடியில் ஐந்து சிலேட்டுக் கற்கள் பொருத்தப்பட்டிருக்கும். சேர்த்து எடை போட்டால் ஒரு தொன்னுக்கு அதிகம் குறையாது. துணி மாற்றுகிறவர் முதலில் குஷன்களையும் பாக்கெட்டுகளையும் கழற்றி, பழைய துணியை உரித்து, கற்களின் இணைப்புகளைச் சாந்து பூசித் தேய்த்து, மட்டம் பார்ப்பார். பிறகுதான் புதுத் துணி. அதன் முகத்தில் மென்மயிர் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் முனையை நோக்கி ஓடவேண்டும். ஒரு முனையைச் சிற்றாணி அடித்தோ பசையிட்டோ நிலைநிறுத்தி, அகல வாய்க் குறடால் மறுமுனைக்கு இழுத்து, அதன்பின் நடுவிலிருந்து பக்கங்களுக்கு இழுத்துச் சுருக்கமில்லாமல் பிடிப்பார். பாக்கெட் வாயில் துணியை வெட்டி மடக்குவது கைத்திறனின் உச்சம். இவ்வளவும் முடிந்தபின் துணியைத் தட்டையாக வைத்திருப்பது ஒன்றே ஒன்று: இழைகளுக்குள் தேங்கியிருக்கும் இழுவிசை. ஆணி விளிம்பில்தான் இருக்கிறது. நடுவில் துணியைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அந்த இழுவிசையைத் தாங்கும் பொருள் கம்பளி. கம்பளி என்பது நம் தலைமயிரைப் போலவே கெரட்டின் என்ற புரதம். நீராவியை இழுத்துக்கொள்வதில் அதற்கு இணையான இழைகள் குறைவு: காற்று முழு ஈரமாக இருந்தால், தன் உலர் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைப் பிடித்துவைத்தும் கைக்கு ஈரமாகத் தெரியாது. இங்கே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, இழை பருத்து, சற்று நீள்கிறது. காற்று உலர்ந்தால் மீண்டும் சுருங்குகிறது. சுவிட்சர்லாந்து அறிவியலாளர் சோசூர் 1783இல் விளக்கிய ஈரமானி இந்தக் குணத்தை வைத்தே செய்யப்பட்டது. ஒரு மனித மயிர், முற்றிலும் உலர்ந்த நிலைக்கும் முழு ஈரத்துக்கும் இடையே நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் நீளும். மேசைத் துணி ஆயிரத்துக்கு இரண்டு பங்கு மட்டும் நீண்டாலும் நெடுக்கில் 7 மில்லிமீற்றர் மிஞ்சும். இரண்டாவது காரியம் இதைவிட விஷமமானது. நீர் மூலக்கூறுகள் புரதச் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகின்றன. சங்கிலிகள் நழுவி, இழுபட்ட நிலையையே தம் இயல்பு நிலையாக ஏற்றுக்கொள்கின்றன. காற்று உலர்ந்தபின் இந்த இழப்பு முழுதாகத் திரும்புவதில்லை. ஈரக் கூந்தலைச் சுற்றிக் காயவிட்டால் சுருள் விழுவதும் இதனால்தான். ஆகவே ஒவ்வொரு ஈரக் காலமும் துணியில் இருந்த இழுப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுப் போகிறது.

இப்போது நுவரெலியாவுக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியது. தென்மேல் பருவக்காற்று காலத்தில் நாள்கணக்காக மூடுபனியும் தூறலும். ஜனவரி முதல் மார்ச் வரை நேர் எதிர்: இரவில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி, பகலில் வெயில், உலர் காற்று. கணக்குக்காக ஒரு மழைநாளில் அறை 15 பாகை, சாரீரப்பதன் நூற்றுக்கு 85 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கம்பளி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான நீரை வைத்திருக்கும். அதே காற்றை, நீரைக் கூட்டாமல் குறைக்காமல், 20 பாகைக்குச் சூடாக்கினால் சாரீரப்பதன் 62க்கு இறங்கிவிடும். துணியின் நீர் 15 சதவீதத்தை ஒட்டிவரும். மூன்று கிலோ துணியென்றால் இந்த ஐந்து பாகையில் மட்டும் 150 கிராமுக்கு மேல் நீர் வெளியேறுகிறது. இதில் சிலேட்டின் பங்கும் உண்டு. ஒரு தொன் கல் இரவெல்லாம் குளிர்ந்தபின் காலையில் சீக்கிரம் சூடாகாது. ஜன்னலைத் திறந்து வெளியின் ஈரக் காற்றை உள்ளே விட்டால், அறையில் 80 காட்டும் கருவி பொய் சொல்லாது. ஆனால் குளிர்ந்த கல்லை ஒட்டியிருக்கும் துணிக்குள் ஈரம் நூறை எட்டியிருக்கும். காற்றோட்டம் நல்லது என்ற பொதுவான புத்திமதி இந்த ஓர் அறைக்குப் பொருந்தாத காலைகள் உண்டு.

தொய்வு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பந்துக்குத் தெரிந்துவிடும். உருளும் பந்து துணியைச் சற்றே அமுக்கி, முன்னால் ஒரு சிறு மேட்டைத் தள்ளிக்கொண்டே போகிறது. துணி தளர்ந்தால் மேடு பெரிதாகும். உருளல் தடை 0.01 உள்ள மேசையில், நொடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் விட்ட பந்து ஐந்து மீற்றருக்கு மேல் ஓடும். அந்தத் தடை 0.013 ஆனால் நான்கு மீற்றரைக்கூடத் தொடாது. ஒரு மீற்றருக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவருக்கு எரிச்சல். தேர்ந்தவருக்கு ஆட்டமே கெட்டது. 1973இல் பம்பாயில் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற நம் நாட்டு எம்.ஜே.எம். லாஃபிர் ஆடிய வகை ஆட்டத்தில் பந்தைச் சில அங்குலம் மட்டும் நகர்த்தும் மென்மையான அடிகள் ஏராளம். மெதுவாக ஓடும் பந்தே மென்மயிரின் சாய்வுக்கும் துணியின் அலைக்கும் அதிகம் பணிகிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளைத் தட்டிக்கழிக்க முடியாது. துணி தேய்ந்துதான் தளர்கிறது என்பார்கள். தேய்வு இடம் பார்த்து வரும்: பந்து வைக்கும் புள்ளிகளில், பாக்கெட் வாயில், ஆட்டம் தொடங்கும் கோட்டில். ஈரத் தொய்வு மேசை முழுவதும் பரவும், மழையோடு கூடி வெயிலோடு குறையும். இரண்டையும் பிரித்தறியக் கண் போதும். இன்னும் பலமாக இழுத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. பலமாக இழுத்த துணி முதல் வாரம் அருமையாக ஓடும். ஆனால் எவ்வளவு அதிகம் இழுக்கிறோமோ அவ்வளவு வேகமாக ஈரம் அதை விழுங்கும், துணி மெலிந்து பாக்கெட் வெட்டில் கிழியவும் செய்யும். அப்படியானால் வெயிலான பெப்ரவரியில் துணி போடலாமே என்று தோன்றும். எனக்கு இது பொறி என்றே படுகிறது. உலர்ந்து சுருங்கிய துணியை இழுத்து ஆணி அடித்தால், மே மாதத்தில் அது நீண்டு தொய்வது நிச்சயம். அடைமழையில் போடுவதும் தீர்வல்ல: மென்மையான ஈரத் துணி அளவுக்கு மிஞ்சி இழுபடும், பின் காயும்போது விளிம்பில் விசை குவியும். நைலோன் கலந்த துணி நீரை இதைவிடக் குறைவாகவே எடுக்கும். சிறிய பூல் மேசைக்கு அது நியாயமான தெரிவு. ஸ்நூக்கர் ஆட்டக்காரர்கள் மென்மயிர்க் கம்பளியை விடமாட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. இங்கிலாந்தும் குளிரும் ஈரமும் நிறைந்த நாடுதானே என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைக்கிறது: பெரிய போட்டி மேசைகளுக்குச் சிலேட்டின் கீழ் மின்சூடேற்றி பொருத்துகிறார்கள்.

மின்கட்டணம் பற்றிய கவலை உண்மையானது. ஒரு தொன் சிலேட்டை ஐந்து பாகை சூடேற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் போதும். செலவெல்லாம் அந்தச் சூட்டைக் காப்பதில்தான். மேலே தடித்த விரிப்பும் கீழே பலகை அடைப்பும் இருந்தால் இழப்பு வெகுவாகக் குறையும். ஆட்டம் நடக்கும் மாலையில் மட்டும் கணப்பை மூட்டி இரவில் அணையவிடுவது இடைப்பட்ட வழிபோலத் தோன்றினாலும், துணியைத் தினமும் ஒரு சுற்று நீட்டிச் சுருக்கும் வழி அது. நாள் முழுதும் இருக்கும் சிறு வெதுவெதுப்பு, இரண்டு மணி நேரப் பெரு வெப்பத்தைவிட மேல். நெசவுத் துறையில் துணியைச் சோதிப்பதற்கென்று உலகம் ஒப்புக்கொண்ட காற்றுநிலை 20 பாகை, சாரீரப்பதன் 65. மேசை அறையை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து, புதுத் துணியை இழுப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் அங்கேயே பிரித்துப் போட்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, சில வாரங்கள் கழித்து ஒருமுறை மறு இழுப்பு.

இதற்கான அறிவை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. கிளப்பைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையிலும் கொழுந்து வாட்டுகிறவர்கள் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் பார்த்து, அவற்றின் வித்தியாசம் குறைந்தால் விசிறியில் உலர்ந்த சூட்டுக் காற்றைக் கலந்து ஊதத் தெரிந்தவர்கள். துரைமார் ஆடிய அறையில் துணியைத் துலக்கி இஸ்திரி போட்ட மார்க்கர் என்ற பணியாளரிடம் அந்தக் கருவியை யாராவது கொடுத்தார்களா தெரியாது, இனியாவது கொடுக்கலாம். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ மேசை வைத்திருப்பவர்கள் அடுத்த துணிக்குக் காசு கட்டுமுன், அந்த இரட்டை வெப்பமானி ஒன்றை மேசை அறைச் சுவரில் மாட்டி, ஒரு வருடம் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். துணி போட வருகிறவரிடம் முதலில் அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள்.