இறந்தவர்களை எண்ணும் பாடம்

முதுகலை மாணவர்களுக்குச் சமகாலப் போர்கள் பற்றிய தாள் ஒன்றை நடத்துகிறேன். மதமா, மண்ணா, எண்ணெயா என்று காரணம் பேச எல்லோரும் தயாராகத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். முதல் வாரத்தில் அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதில்லை. ஆளுக்கொரு செய்தித் துணுக்கும் கட்டம் போட்ட தாளும் கொடுக்கிறேன்.

துணுக்கு நானே எழுதியது. மலையோரக் கிராமம் ஒன்றில் நடந்த மோதலில் 12 தீவிரவாதிகள் கொல்லப்பட்டதாக ராணுவம் அறிவிக்கிறது. அவர்களில் இரண்டு பேர் விறகு பொறுக்கப் போன பெண்கள் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். கட்டங்கள் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டத்தைப் பார்த்து அமைத்தவை. நாள், இடம், யாருக்கும் யாருக்கும் சண்டை, இரு தரப்பிலும் இறந்தவர்கள், பொதுமக்கள், யாரென்று தெரியாதவர்கள். மொத்த எண்ணிக்கைக்கு மட்டும் மூன்று கட்டங்கள்: குறைந்தபட்சம், நம்பத்தக்கது, அதிகபட்சம்.

பாதிப் பேர் யோசிக்காமல் தீவிரவாதிகள் கட்டத்தில் 12 என்று எழுதிவிடுவார்கள். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: “மேடம், அது ராணுவம் சொன்ன கணக்குதானே?” அங்கிருந்துதான் பாடம் தொடங்குகிறது. ஊர்க்காரர்கள் சொன்னதை ஏற்றால் பத்தும் இரண்டும். யார் சொல்வதையும் சரிபார்க்க வழியில்லை என்றால் பன்னிரண்டு பேரும் ‘தெரியாதவர்கள்’ கட்டத்துக்குப் போக வேண்டுமா? இந்த ஒரு வரிச் செய்திக்கு ஒரு மணி நேரம் போதாது. போகட்டும்.

உப்சாலா விதிப்படி, ஓர் அரசு ஒரு தரப்பாக இருந்து, ஆட்சிக்காகவோ நிலப்பகுதிக்காகவோ நடக்கும் சண்டையில் ஓராண்டில் 25 பேராவது இறந்தால் அது ஆயுத மோதல். 1,000 பேரைத் தொட்டால் போர். “அப்போ 24 பேர் செத்தா ஒண்ணுமே நடக்கலையா?” என்று மாணவர்கள் கொதிக்கிறார்கள். கொதிக்க வேண்டியதுதான். நாடுகளையும் ஆண்டுகளையும் ஒப்பிட எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும். ஆனால் அந்தத் திட்டம் பெரிதும் நம்பியிருப்பது செய்திகளை. நிருபர் எட்டிப் பார்க்காத ஊரில் விழுந்த பிணங்களுக்கு என்ன கணக்கு?

இதற்காகத்தான் பெரு நாட்டுக்குப் போகிறோம். அங்கே நடந்த உள்நாட்டுப் போரின் வேர் ஒரு பல்கலைக்கழகத்திலேயே இருந்தது. ஆண்டீஸ் மலையில் அயகுச்சோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர் அபிமாயேல் குஸ்மான். அவர் தலைமையில் ‘ஒளிரும் பாதை’ இயக்கம் 1980 மே மாதம் சுஸ்சி என்ற கிராமத்தில் வாக்குப் பெட்டிகளை எரித்துத் தன் போரைத் தொடங்கியது. இருபது ஆண்டு ரத்தத்துக்குப் பிறகு, 2001-இல் அமைந்த உண்மை ஆணையத்துக்குத் தலைவரானவரும் ஒரு தத்துவப் பேராசிரியர்தான்: சாலமோன் லெர்னர்.

ஆணையத்துக்குப் பேர் விவரத்தோடு கிடைத்தவர்கள் ஏறத்தாழ 24,000 பேர். ஆனால் 2003 அறிக்கை சொன்ன மதிப்பீடு 69,280. எப்படி?

கண்மாயில் நூறு மீன் பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிடுங்கள். மறுபடி நூறு பிடியுங்கள். அதில் ஐம்பதில் அடையாளம் இருந்தால் கண்மாயில் இருப்பது சுமார் இருநூறு மீன். பத்தில் மட்டும் இருந்தால் ஆயிரம். இறந்தோர் பட்டியல்களையும் இப்படித்தான் பார்த்தார்கள். ஆணையம் ஒரு பட்டியல் வைத்திருந்தது; மக்கள் குறைதீர்ப்பு அலுவலகமும் மனித உரிமை அமைப்புகளும் தனித்தனியே பட்டியல் வைத்திருந்தன. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் விடுபட்டவர்கள் குறைவு. அரிதாக வந்தால், யார் பட்டியலிலும் ஏறாமல் போனவர்கள் ஏராளம்.

பலியானவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தலைநகர் லிமாவுக்கு இத்தனை பெரிய எண்ணிக்கை அதிர்ச்சியாக இருந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

2019-இல் சில்வியோ ரென்டோன் என்ற பொருளியலாளர் அதே தரவை மறுபடி கணக்கிட்டு, சுமார் 48,000 என்றார். பழைய மதிப்பீட்டின் பின்னிருந்த புள்ளியியலாளர்கள் பதில் எழுதினார்கள். “எதைத்தான் மேடம் நம்பறது?” என்று சோர்ந்துபோகிறவர்களிடம், இரண்டு தரப்பும் தாங்கள் கணக்குப் போட்ட வழியை ஊரறியக் காட்டியிருக்கிறது, நீங்களே சரிபாருங்கள் என்கிறேன். மேடையில் வீசப்படும் எண்ணோடு இதை ஒன்றாக வைக்க நான் சம்மதிப்பதில்லை.

பெருவை முடித்த பிறகே, இலங்கைப் போரின் இறுதிக்களமான முள்ளிவாய்க்கால். தமிழ்நாட்டு வகுப்பில் எல்லோரும் ஓர் எண்ணோடுதான் வருகிறார்கள். சிலர் உறவினர் பெயரோடு வருகிறார்கள். அதனால்தான் தொலைவிலுள்ள நாட்டில் முறையைப் பழகிக்கொள்ளச் சொல்கிறேன். ஐ.நா. ஊழியர்கள் திரட்டிய கணக்கு 7,721. ஆகஸ்ட் 2008 முதல் மே 13, 2009 வரை, கடுமையாகச் சரிபார்த்த பிறகே சேர்த்தது. போர் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்கள் இதில் இல்லை. 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு, பொதுமக்கள் சாவு 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. அடுத்த ஆண்டின் உள் ஆய்வு அறிக்கையில் 70,000 என்ற எண் வருகிறது. அது கணக்கில் வராமல் போனவர்களைக் குறிக்கிறது. காணாமல் போனவரை இறந்தவர் கட்டத்தில் எழுதினால், மகன் எங்கே என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் தாயின் கேள்வியை நாமே முடித்துவைப்பதாகும். அதைச் செய்ய எந்த மாணவரையும் நான் விடுவதில்லை.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் உள்ள பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். அவர்களுக்கு அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகள், தாங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்ற உறுதியை நம்பி ஒலிப்பதிவுகளில் பேசினார்கள். 2011-இல் வட அயர்லாந்துக் காவல் துறைக்காக நீதிமன்ற ஆணை வந்தது. வழக்காடியும் பலனில்லை, சில பதிவுகள் கைமாறின.

ஆகவே என் மாணவர் பதிவுக் கருவியை எடுப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்: பதிவு எங்கே இருக்கும், யார் கேட்கலாம், எப்போது அழிக்கப்படும், காவல் துறை கேட்டால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவருக்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே அச்சில் வந்த சாட்சியங்களை வைத்து அவர் ஆய்வேட்டை எழுதட்டும்.