பதினாலு மாடியும் மணிக்கூண்டும்: சென்னை, மும்பை வான்விளிம்பு – ஓர் ஒப்பீடு

ஒரு நகரத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால், கட்டடங்களின் தலைகளெல்லாம் சேர்ந்து வானத்தில் ஒரு கோடு போடும். ஸ்கைலைன் என்பார்கள்; நாம் வான்விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். வெளிமாநிலத்துத் தமிழர் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "பம்பாயைப் பாருங்க, அறுபது மாடி! நம்ம மெட்ராஸ் என்னத்த, தென்னை மர உயரந்தானே?" என்பார் ஒருவர். மற்றவர் விட்டுக்கொடுக்க மாட்டார். வரதய்யபாளையத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எனக்குச் சரக்கெடுக்கப் போய்வந்த வகையில் சௌகார்பேட்டையும் தெரியும், பூலேஷ்வரும் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஒரு ஊர் ஆசைப்பட்டு உயர்வதில்லை. மண்ணும் சட்டமும் சேர்ந்து போடுகிற கணக்கு அது.

உயரம் தமிழனுக்குப் புதிதல்ல. கப்பல்களை அழைக்க உச்சியில் விளக்கெரித்த மாடத்தைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. 1010-ல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பது வழக்கு. ஆனால் நம் மரபில் உயரம் கோயிலுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் உரியது. குடியிருக்கிற வீடும் கணக்கெழுதுகிற ஆபீசும் வானத்தைத் தொடுவது என்பது நேற்று வந்த வழக்கம்.

அந்த வழக்கத்தில் முதலில் முந்தியது சென்னைதான் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவரும் அவரே. தமது யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் கம்பெனிக்காக அதை எழுப்பத் தொடங்கினார். 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் காலமானார். 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. பாதியில் நின்ற கட்டடம் எல்.ஐ.சி.க்கு வந்து, 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். உயரம் 177 அடி. ஊர்ப்பக்கத்து ஜனங்களுக்கு அது 'பதினாலு மாடி'. சினிமாவில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட அந்த ஒரு கட்டடம் போதும். நாட்டின் மிக உயரமான மாடிக் கட்டடம் என்ற பட்டம் அதற்கு இரண்டே வருஷம். 1961-ல் மும்பை கார்மைக்கேல் ரோட்டில் உஷா கிரண் என்ற இருபத்தைந்து மாடி வீடு எழும்பியது. அதன்பின் சென்னை அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெறவே இல்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். மாடிக் கட்டடத்தை விட்டுவிட்டு வெறும் உயரத்தைப் பார்த்தால், மும்பை 1878-லேயே முந்திவிட்டது. பல்கலைக்கழகத்து ராஜாபாய் மணிக்கூண்டு 280 அடி. பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். சூரத்திலிருந்து வந்த ஜைனர், பருத்தி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து பருத்தி விலை சரிந்தபோது அவரும் சரிந்தார். கொடுத்த நன்கொடையோ நின்றது. கூண்டுக்குத் தாயார் பெயர். அந்த அம்மாளுக்குக் கண் தெரியாதாம். பொழுது சாய்வதற்குள் உண்டுமுடிக்கிற ஜைன விரதத்துக்கு இந்த மணியோசை உதவியதாம். இப்படி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. நயினார் குடும்பத்தில் பிறந்து, விளக்கு வைப்பதற்கு முன் சாப்பிட்டே வளர்ந்த எனக்கு அந்தக் கூண்டின்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம் என்பதை மறைப்பானேன்.

சரி, சென்னை ஏன் பின்தங்கியது? முதல் காரணம் பூகோளம். மும்பை, தீவுகளை இணைத்துக் கடலைத் தூர்த்து உண்டான குறுகிய நிலம். மூன்று பக்கமும் தண்ணீர்; போக வழி வடக்கே மட்டும். அடியில் கருங்கல் பாறை. சென்னைக்குக் கிழக்கே மட்டும்தான் கடல். மற்ற பக்கமெல்லாம் திறந்த சமவெளி. இடம் இருக்கிறவன் படுத்து உறங்குவான், இல்லாதவன் உட்கார்ந்தே உறங்குவான்.

கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெரின் டிரைவ், கடலைத் தூர்த்த மண்ணில் வரிசையாக ஒரே உயரத்தில் நிற்கும் 1930, 40-களின் குடியிருப்புகள். 2018-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. நம் மெரினாவில் கடலைப் பார்த்து நிற்பது மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகம், சேப்பாக்கம் மாளிகை. மும்பையில் கடல் காட்சி விலைக்கு வந்தது. சென்னையில் அந்த முன்வரிசை படிப்புக்கும் சர்க்காருக்கும் போயிற்று.

இரண்டாவது சட்டம். மனைக்கு எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவுதான் எஃப்.எஸ்.ஐ. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனை. அளவு 2 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 4800 சதுர அடி. சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு நெடுங்காலம் 1.5 தான். 2019 விதிகளில் அது 2 ஆயிற்று. உயர்ந்த கட்டடத்துக்கு 3.25. மும்பைத் தீவு நகரத்திலும் 1991 விதிப்படி அடிப்படை அளவு 1.33 தான், சென்னையைவிடக் குறைவு! பின்னே அறுபது மாடி எப்படி வந்தது? சாலைக்கோ பூங்காவுக்கோ நிலம் விட்டவருக்குக் கட்டும் உரிமையைக் காகிதமாகக் கொடுத்தார்கள். அதை இன்னொருவருக்கு விற்கலாம். குடிசைவாசிகளுக்கு வீடு கட்டிக்கொடுத்தாலும் கூடுதல் உரிமை. எங்கள் வியாபாரத்து உண்டியல் மாதிரி, ஓர் இடத்தில் எழுதி இன்னோர் இடத்தில் மாற்றிக்கொள்வது. தார்தேவில் 2010-ல் முடிந்த இம்பீரியல் இரட்டைக் கோபுரங்கள் அப்படிக் குடிசைப்பகுதி நிலத்தில் முளைத்தவைதான். விமான நிலையம் சாந்தாக்ரூஸ் பக்கம் இருப்பதால் பாந்த்ரா-குர்லாவில் உயரத்துக்குக் கட்டுப்பாடு. ஆகவே பெரிய உயரமெல்லாம் பரேல், வொர்லி பக்கம் சேர்ந்தது.

பரேல் என்றதும் பழைய ஆட்களுக்கு மில் புகைபோக்கி நினைவுக்கு வரும். 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியேறினார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. மூடிய மில்களின் நிலத்தில் இன்று கண்ணாடிக் கோபுரங்கள். சென்னையிலும் இதே கதை உண்டு. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான பெரம்பூர் பின்னி மில் மூடப்பட்டு, அந்த மண்ணில் இன்று நாற்பது மாடிக்கு மேல் வீடுகள்.

உயராத ஊர் நல்ல ஊர் என்று முடிவுகட்ட வேண்டாம். சென்னை படுத்துப் பரவியது ஏரிகளின்மேல். தியாகராய நகரே 1920-களில் நீளமான மாம்பலம் ஏரியை வற்றவைத்து வந்தது. வள்ளுவர் கோட்டம் இருப்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். வேளச்சேரி, பள்ளிக்கரணை சதுப்பு அதற்கப்புறம். 2015 டிசம்பர் வெள்ளம் வழி தேடி அங்கேதான் வந்தது. மும்பைக்கும் 2005 ஜூலை 26 உண்டு. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை.

பரவுகிற ஊர் எதுவரை வரும் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டு வாசல் கேள்வி. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189-லிருந்து 5,904 ஆக விரிந்தது. வடக்கே ஏறத்தாழ ஆந்திர எல்லையைத் தொட்டுவிட்டது. எல்லைக்கு இந்தப்புறம் 2008-லிருந்து ஸ்ரீசிட்டி. எங்கள் வரதய்யபாளையம் மண்டலமும் அதில் அடக்கம். அன்று சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். பெயர் எதுவானாலும் நெல் வயலுக்கு நடுவே ஷெட்டுதான். எங்களுக்கு உயரம் என்றால் காளத்திக் கோபுரம். 1516-ல் கிருஷ்ணதேவராயர் எடுத்தது, 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. ஏழு வருஷம் அந்தப் பக்கத்து வானம் வெறிச்சோடிக் கிடந்து, 2017-ல் புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு ஆயிற்று. மற்றபடி ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் போகும்போது மாடிக்கு ஓடுவோம்.

கடைசியாகத் தாராவி. பாந்த்ரா-குர்லா கட்டடங்களின் நிழலில் நம் திருநெல்வேலிச் சீமை ஜனங்கள் மூன்று, நான்கு தலைமுறையாகக் கட்டிய தாழ்வான ஊர். அதை இடித்து உயர்த்தும் வேலை 2022 ஏலத்தில் அதானி குழுமத்துக்குப் போயிற்று. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பிறகு வந்த தரைத்தளக்காரருக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. தகரத்தில் மாடி எழுப்பி ஏணி வைத்து ஏறுகிறார்களே, அந்த மேல்தளத்துக்காரருக்கும் வெளியேதான், தவணை முறையில். அதாவது அந்த ஊரின் வான்விளிம்பைத் தங்கள் தலைக்குமேல் தாங்கியிருந்தவர்கள் முதலில் வெளியேற வேண்டியவர்கள். அங்கே உறவு உள்ளவர்கள் பழைய மின்கட்டண ரசீதையும், வாக்காளர் பட்டியல் நகலையும் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.