தனியாக இருக்கிறீர்களா? திருடன் வந்தால் என்ன செய்வீர்கள்?

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி. இரவு நேரம். கடையம் அருகே உள்ள கல்யாணிபுரம் கிராமம். அப்போது அது நெல்லை மாவட்டம். இப்போது தென்காசி மாவட்டம்.

வீட்டு வாசலில் ஒரு முதியவர் நாற்காலியில் உட்கார்ந்து இருந்தார். முகமூடி ஆசாமி ஒருவன் ஓசைப்படாமல் பின்னால் வந்தான். துணியைக் கழுத்தில் போட்டு இறுக்கினான்!

முதியவர் அலறினார். உள்ளே இருந்து அவருடைய மனைவி ஓடி வந்தார். வந்தவர் என்ன செய்தார்? கீழே கிடந்த செருப்பை எடுத்து வீசினார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். பிடி தளர்ந்ததும் முதியவரும் எழுந்து விட்டார். அவரும் நாற்காலியைத் தூக்கினார். வந்தவர்கள் இரண்டு பேர். கையில் அரிவாள் வேறு. ஆனாலும் வயதான தம்பதிகள் விடவில்லை. கொள்ளையர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

அம்மையாரின் கழுத்துச் சங்கிலி பறிபோனது. கையில் காயமும் ஏற்பட்டது. ஆனால் உயிர் பிழைத்தது. நாலே நாளில், சுதந்திர தின விழாவில், முதல்-அமைச்சர் அந்தத் தம்பதிகளுக்கு வீரதீர விருது வழங்கினார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்து வியந்தது.

அது சரி. அங்கே இருந்தது இரண்டு பேர். ஒருவர் மட்டும் இருந்தால்?

பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் மட்டும் ஊரில். கணவனுக்கு இரவு வேலை. மனைவி மட்டும் வீட்டில். வேலை கிடைத்து வேற்றூருக்கு வந்த பெண். மாடியில் ஒற்றை அறை. இப்படி எத்தனையோ பேர்! இவர்களுக்கு ஊரார் சொல்லும் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. “தலையணைக்கு அடியில் கத்தி வைத்துக்கொள்” என்பார் ஒருவர். “மிளகாய்ப் பொடி போதும்” என்பார் இன்னொருவர்.

இரண்டும் பழகாதவருக்கு உதவாது.

கத்தியும் மிளகாய்ப் பொடியும்

கத்தியால் தாக்க வேண்டுமானால் எதிரியின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அவன் உங்களை விட பலசாலி. கத்தியைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு அந்தக் கத்தி யாருடையது? திருட மட்டும் வந்தவனுக்கு நீங்களே ஆயுதம் கொடுத்தது போல ஆகிவிடும்.

மிளகாய்ப் பொடி சினிமாவில் நன்றாக வேலை செய்யும். வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டு இருக்கும். வீசிய பொடி வீசியவர் கண்ணிலேயே விழும். கடையில் விற்கும் மிளகுத் தெளிப்பான் பரவாயில்லை. சில அடி தூரம் பாயும். ஆனால் பூட்டிய அறைக்குள் அடித்தால் உங்களுக்கும் மூச்சு முட்டும். வாங்கினால் வாசல் பக்கம் வையுங்கள். டப்பாவில் காலாவதி தேதி இருக்கும். அதையும் பாருங்கள்.

துப்பாக்கி பற்றிப் பேசவே வேண்டாம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு லைசென்சு வேண்டும்.

முதல் காவல்காரன்

நல்ல காவல்காரன் கதவுதான். சம்பளம் கேட்காத காவல்காரன்! பல வீடுகளில் பூட்டு விலை உயர்ந்ததாக இருக்கும். தாழ்ப்பாளோ மெல்லிய அலுமினியம். அதைப் பிடித்திருப்பது நாலு சின்ன திருகாணிகள். ஓங்கி ஓர் உதை விட்டால் திருகாணியோடு பெயர்ந்து வந்துவிடும். பூட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

நம் தாத்தா, பாட்டி வீட்டில் கதவுக்குப் பின்னால் குறுக்குக் கட்டை போடுவார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல அது. தச்சரைக் கூப்பிட்டு இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றும், குறுக்குப் பட்டை ஒன்றும் போடச் சொல்லுங்கள். திருகாணி நீளமாக இருக்கட்டும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். படுக்கை அறைக் கதவுக்கும் உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் வேண்டும். இது ஏன் என்று பிறகு தெரியும்.

இரவில் யாராவது கதவைத் தட்டினால்? “அம்மா, குடிக்கத் தண்ணீர்” என்பான். “பார்சல் வந்திருக்கிறது” என்பான். கதவைத் திறக்காதீர்கள். ஜன்னல் வழியாகப் பேசுங்கள். “ஏங்க, யாரோ வந்திருக்காங்க, வந்து பாருங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுங்கள். உள்ளே யாரும் இல்லாவிட்டால் என்ன? வெளியே நிற்பவனுக்கு அது தெரியாது அல்லவா?

சத்தமே ஆயுதம்

திருடனுக்குப் பிடிக்காதவை இரண்டு. வெளிச்சம், சத்தம். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டால் இருட்டில் தேடிக்கொண்டு போகாதீர்கள். படுக்கை அறைக் கதவைத் தாழிடுங்கள். விளக்கைப் போடுங்கள். பிறகு கூச்சல் போடுங்கள். பயத்தில் தொண்டை அடைத்துப் போகும். பலருக்கும் அப்படித்தான். அதற்காகத்தான் கட்டில் அருகே ஒரு விசில் வேண்டும். விசில் இல்லையா? பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும் போதும். நடுநிசியில் தாம்பாளத்தைத் தட்டினால் தெருவே எழுந்துவிடும்!

பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். “ராத்திரி விசில் கேட்டால் ஓடி வாருங்கள் அக்கா” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாமல் அடுக்கு மாடியில் குடியிருப்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

போலீசுக்கு 112. பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணும் உண்டு. செல்போனில் ஆபத்து பொத்தான் இருக்க வேண்டும் என்று 2016-ல் மத்திய அரசு விதி செய்தது. அதன்படி சாதாரண போனில் 5 அல்லது 9-ம் எண்ணை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட் போனில் ஆன்-ஆப் பொத்தானை மூன்று முறை அடுத்தடுத்து அழுத்த வேண்டும். எல்லாப் போனும் ஒரே மாதிரி அல்ல. உங்கள் போனில் எப்படி என்று பேரனையோ பேத்தியையோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கைக்கு வந்துவிட்டால்

கதவைத் தாழிட நேரம் இல்லை. ஆள் எதிரே வந்துவிட்டான். இப்போது?

நகையைக் கேட்டால் கழற்றி எறியுங்கள். நகை போனால் வாங்கலாம். அவன் ஓடுவதற்கு வழி விட்டு நில்லுங்கள். வாசலை மறித்து நிற்காதீர்கள். தப்ப வழி இல்லாதவன்தான் வெட்டுவான்.

அப்படியும் மேலே பாய்ந்தால் நாற்காலியைத் தூக்கிக் கால்களை அவன் பக்கம் நீட்டிப் பிடியுங்கள். அவன் கை உங்கள் மேல் படாது. கம்பு வைத்திருந்தால் அது குட்டையாக இருக்கட்டும். சிலம்பக் கம்பைச் சுற்ற சின்ன வீட்டில் இடம் ஏது? மின்விசிறியில்தான் இடிக்கும். கம்பை ஓங்கி அடிக்கவும் வேண்டாம். ஓங்கிய கையைப் பிடித்துக்கொள்வான். இரு கையாலும் பிடித்து, உலக்கையால் இடிப்பது போல முன்னால் குத்துங்கள். குத்திவிட்டு வெளியே ஓடுங்கள்.

மணிக்கட்டைப் பிடித்தால் வெறுமனே பின்னால் இழுக்காதீர்கள். அவன் பிடியில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் மட்டும் மறு பக்கம். கட்டை விரல் பக்கம்தான் பலம் குறைவு. அந்தப் பக்கமாகத் திருகி, வெடுக்கென்று உருவுங்கள். தங்கையோடும் தோழியோடும் பத்து நாள் பழகுங்கள். படித்து மட்டும் இது வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

“திருடனை அடித்தால் நம் மீது வழக்கு வருமே!” என்று பலர் பயப்படுகிறார்கள். தற்காப்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. உங்கள் உடலையும் உடைமையையும் மட்டும் அல்ல, அடுத்தவரையும் காப்பாற்றலாம். கொன்றுவிடுவான், கற்பழித்துவிடுவான் என்று நியாயமாக அஞ்சும் நிலையில், தற்காப்பில் அவன் உயிரே போனாலும் குற்றம் ஆகாது. இரவில் வீட்டை உடைத்து வருபவன் விஷயமும் அப்படியே.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. திருடனைப் பிடித்துக் கம்பத்தில் கட்டி வைத்து ஊரே அடிப்பது தற்காப்பு அல்ல. அவன் செத்தால் அடித்தவர்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். பிடிபட்டவனைத் தாமதிக்காமல் போலீசில் ஒப்படைக்க வேண்டும். அதிகபட்சம் 6 மணி நேரம் என்கிறது இப்போதைய சட்டம்.

அவன் ஓடிவிட்டால் உடைந்த தாழ்ப்பாளையும், அவன் தொட்ட பீரோவையும் துடைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். கைரேகை அதில்தான் இருக்கும். புகார் கொடுத்ததும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது.