மேய்ப்பன் படம் போட்ட விளக்கு யாரோடது?

இந்த எபிசோட்ல ஒரே கேள்விதான்: பழைய மண் விளக்கு ஒண்ணைப் பார்த்து, அதை ஏத்தினவங்க கிறிஸ்தவங்களானு சொல்ல முடியுமா?

முதல்ல விளக்கு எப்படி இருக்கும்னு பார்த்துடலாம். ரோமானிய விளக்கு பெரும்பாலும் உள்ளங்கை அளவுதான். மேல்பக்கம் மூடியிருக்கும். நடுவுல ஆலிவ் எண்ணெய் ஊத்த ஒரு துளை, மூக்குல திரிக்கு ஒரு துளை. மேல்பாதிக்கு ஓர் அச்சு, கீழ்பாதிக்கு ஓர் அச்சு. ரெண்டுலயும் களிமண்ணை அழுத்தி, ஒட்டி, சூளையில சுடுவாங்க. மேல்மூடியில கடவுள்கள், கிளாடியேட்டர்கள், விலங்குகள்னு ஏதாவது ஒரு படம் இருக்கும்.

அப்படி ஒரு படம்தான் ஆட்டைத் தோள்ல சுமக்குற மேய்ப்பன். கிறிஸ்தவங்க அதுல இயேசுவைப் பார்த்தாங்க. ஆனா இந்த உருவம் இயேசுவுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே கிரேக்கச் சிற்பத்துல இருக்கு. கி.பி. 200 வாக்குல இத்தாலியில ‘அன்னிசெர்’னு முத்திரை குத்தின விளக்குகள்ல மேய்ப்பனும் உண்டு, ரோமானியக் கடவுள்களும் உண்டு. ஒரே பட்டறை, எல்லாருக்கும் சரக்கு. அர்த்தம் கொடுத்தது வாங்கினவங்கதான்.

ஏத்துறதுலயும் சிக்கல் இருந்தது. அதே காலத்துல கார்த்தேஜ்ல வாழ்ந்த தெர்த்துல்லியன், பேரரசர் விழாவுக்காக வாசல்ல விளக்கு வைக்கிற கிறிஸ்தவங்களைக் கண்டிச்சு எழுதினார். அவருக்கு அது சிலை வழிபாடு. விளக்கு வச்சா சொந்த ஆள் திட்டுவார். வைக்கலைன்னா தெருவுல உங்க வாசல் மட்டும் இருட்டா தனியாத் தெரியும்.

313-ல கிறிஸ்தவத்துக்குச் சட்ட அனுமதி கிடைச்சது. அப்புறம் காட்சி மாறுது. கார்த்தேஜ் இருந்த இன்றைய துனிசியா பகுதியிலேயே, 5-ம் நூற்றாண்டுல, சிவப்பு மண் விளக்கு மேல ‘கிறிஸ்து’வோட முதல் ரெண்டு கிரேக்க எழுத்தைச் சேர்த்த கை-ரோ சின்னம் பெருசா வருது. மத்தியதரைக் கடல் முழுக்க ஏற்றுமதியும் ஆகுது. ஆனா அதே வகை விளக்குல முயலும் சிங்கமும்கூட இருக்கு.

அதனால படம் மட்டும் பத்தாது. விளக்கு எங்க கிடைச்சதுங்கிறதும் முக்கியம். ரோம் நகரத்து நிலத்தடிக் கல்லறைகள்ல, குழியை மூடின சுண்ணாம்புச் சாந்துல சில விளக்குகளை ஈரத்தோட பதிச்சிருக்காங்க. அந்த விளக்குல எந்தச் சின்னமும் இல்லாம இருக்கலாம். யாரோ தன்னோட ஆளுக்காக அதை அங்க வச்சிருக்காங்க. மேய்ப்பன் படத்தைவிட அந்த இடம் நமக்கு அதிகமா சொல்லுது.