எந்த கேமுக்கு எந்த சவுண்ட் கார்டு?

பழைய கணினிக்கு மறுவாழ்வு – 9

சென்ற வாரம் 486 கணினிக்கு மதர்போர்டும் வீடியோ கார்டும் முடிவாயின. இனி ஒலி. பழைய கேம் கணினி கட்டுபவர்கள் முதலில் கேட்பது, ‘இருப்பதிலேயே நல்ல சவுண்ட் கார்டு எது?’ என்றுதான். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது வேறு: எந்த ஆண்டில் வந்த கேம்களை ஆடப் போகிறோம்?

காரணம் இருக்கிறது. டாஸ் காலத்து கேம்கள் பெரும்பாலும் பதிவு செய்த இசையோடு வரவில்லை. ஃப்ளாப்பியில் இருந்தவை வெறும் சுரக் குறிப்புகள்; அவற்றை வாசித்தது கார்டில் இருந்த சிப். ஒரே கீர்த்தனையை வீணையில் கேட்பதற்கும் நாகஸ்வரத்தில் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு, ஒரே கேமை இரண்டு கார்டுகளில் ஆடும்போதும் தெரியும்.

ஐபிஎம் பிசிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் சரியாக வரும். 1987இல் கனடாவின் கியூபெக் நகரிலிருந்து வந்த ஆட்லிப் கார்டு அந்த நிலையை மாற்றியது. அதிலிருந்த யமஹா ஒய்எம்3812 சிப், ஒன்பது குரல்களை ஒன்றாக ஒலிக்கச் செய்தது. மறு ஆண்டே சியரா நிறுவனம், தொலைக்காட்சிக்கு இசையமைத்து வந்த வில்லியம் கோல்ட்ஸ்டீனை அழைத்து ‘கிங்ஸ் குவெஸ்ட் 4’ கேமுக்கு இசையமைக்க வைத்தது. அது ஆட்லிப்பிலும் ஒலித்தது; விலை மிகுந்த ரோலண்ட் எம்டி-32 கருவியிலும் ஒலித்தது.

சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ், 1989இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. ஆட்லிப்பின் அதே சிப், அதோடு பேச்சையும் வெடிச் சத்தத்தையும் ஒலிக்கும் டிஜிட்டல் வசதி, ஜாய்ஸ்டிக் போர்ட், எல்லாம் ஒரே கார்டில். 1992இல் ஆட்லிப் திவாலானது.

இந்த வரலாறே தேர்வுக்கும் வழி சொல்கிறது.

1990 வரையிலான கேம்களுக்கு ஆட்லிப் அல்லது தொடக்க கால சவுண்ட் பிளாஸ்டர் போதும். 1991 முதல் 1995 வரையிலான கேம்கள்தான் ஆசையென்றால், சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோவுக்கு ஒத்துப்போகும் ஐஎஸ்ஏ கார்டு வேண்டும். புகழ்பெற்ற சவுண்ட் பிளாஸ்டர் 16 இந்த இடத்தில் கொஞ்சம் சறுக்குகிறது: ப்ரோவுக்காக எழுதிய ஸ்டீரியோ ஒலியை அது மோனோவாகவே தரும். அதன் பிந்தைய மாதிரிகள் பலவற்றில் யமஹாவின் ஓபிஎல்3 இசை சிப்புக்குப் பதில் கிரியேட்டிவின் சொந்த மாற்று இருக்கிறது. இசையின் நிறமே வேறாகிவிடும். வாங்கும் முன் கார்டின் படத்தைப் பெரிதாக்கி ஒய்எம்எஃப்262 அல்லது சிடி1747 என்ற எண்ணைத் தேடுங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் ஓபிஎல்3 அசலானது.

பெயர் பெறாத யமஹா ஒய்எம்எஃப்719 கார்டு இந்தக் காலத்துக்கு மிகப் பொருத்தம். அசல் ஓபிஎல்3, ப்ரோ ஸ்டீரியோ இரண்டும் உண்டு. சவுண்ட் பிளாஸ்டர் 16இன் சில பதிப்புகளில் மிடி சுரம் பாதியில் சிக்கி, விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தொல்லையும் இதில் இல்லை. ஆகவே ரோலண்ட் எஸ்சி-55 போன்ற வெளிக்கருவியை நம்பி இணைக்கலாம். ‘டூம்’ (1993) கேமுக்கு பாபி பிரின்ஸ் இசையமைத்தது எஸ்சி-55இல்தான்.

486ஐத் தாண்டிப் பிந்தைய கணினிகளுக்கு வந்தால், பென்டியம் 3 கணினிகள் பலவற்றில் ஐஎஸ்ஏ ஸ்லாட்டே கிடையாது. டாஸ் கேம்கள் சவுண்ட் பிளாஸ்டரின் போர்ட்டையும் டிஎம்ஏ வழியையும் நேரடியாகத் தொடுபவை. அந்த டிஎம்ஏ கம்பிகள் பிசிஐ ஸ்லாட்டில் இல்லாததால், பிசிஐ கார்டுகள் சவுண்ட் பிளாஸ்டரைப் போலப் பாவனை செய்கின்றன; சில கேம்கள் அதற்கு ஏமாறுவதில்லை. விண்டோஸ் 98 கேம்களுக்கோ பிசிஐதான் சரி. ஆரியல் வோர்டெக்ஸ் 2 கார்டில் ‘ஹாஃப்-லைஃப்’ ஆடினால், முதுகுப் பக்கம் வரும் காலடியைக் காதே காட்டிக்கொடுக்கும்.

ஐஎஸ்ஏ, பிசிஐ ஸ்லாட்டுகள் இரண்டும் உள்ள மதர்போர்டு கையில் இருந்தால், டாஸுக்கு ஒரு யமஹா, விண்டோஸுக்கு ஒரு வோர்டெக்ஸ் என இரண்டையும் சேர்த்தே பொருத்துங்கள். இரண்டும் ஒரே ஐஆர்க்யூ எண்ணுக்குச் சண்டையிடாமல் அமைப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)